மோட்டார் கொட்டகையில் சிறு திரை: வாங்கும் முன்பும் செய்யும் முன்பும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்பதை முன்பெல்லாம் சத்தத்தைக் கேட்டும் வாய்க்காலைப் பார்த்தும் தெரிந்துகொண்டோம். இப்போது ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு திரை வந்துவிட்டது. சொட்டுநீர் டைமர், தானியங்கி ஸ்டார்ட்டர், தொட்டி நீர்மட்டக் கருவி, உரக்கரைசல் செலுத்தும் கருவி என எல்லாவற்றிலும் எழுத்தும் படமும் பொத்தானும் கொண்ட திரை இருக்கிறது. கடையில் வாங்கி மாட்டுபவர்கள் ஒருபுறம். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளையைக் கொண்டு சில நூறு ரூபாய் போர்டில் தாங்களே செய்துகொள்பவர்கள் மறுபுறம்.

திரை வந்ததால் வேலை எளிதாகியிருக்கிறது. ஆனால் ஒரு புதிய ஆபத்தும் சேர்ந்து வந்திருக்கிறது. திரையில் 'மோட்டார் ஓடுகிறது' என்று இருக்கும். அங்கே போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். திரையை நம்பி வீட்டுக்குப் போனவருக்கு மறுநாள் மோட்டாரைத் தூக்கும் கூலி, ரீவைண்டிங் செலவு, வாடும் பயிர் என மூன்று நஷ்டம்.

எனவே இரண்டு விஷயங்களை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒன்று, திரை காட்டுவது நடப்பதாக இருக்க வேண்டும். நடக்கும் என்று நினைப்பதாக இருக்கக் கூடாது. இரண்டு, திரை செத்துப்போனாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

உள்ளே இருப்பது என்ன?

இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினியின் பெயர் மைக்ரோகன்ட்ரோலர். இது கைபேசி போன்றதல்ல. எழுதிக் கொடுத்த ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். நினைவகம் மிகக் குறைவு. திரையின் அளவு, நிறம், வேகம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த நினைவகம்தான்.

நம் பகுதிகளில் அதிகம் கிடைக்கும் போர்டுகள் மூன்று.

1. ஆர்டுயினோ ஊனோ: செயல்படும் நினைவகம் 2 கிலோபைட். நிரல் வைக்க 32 கிலோபைட். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். எளிய டைமருக்குப் போதும்.

2. ராஸ்பெர்ரி பை பிக்கோ: 2021-ல் வந்தது. செயல்படும் நினைவகம் 264 கிலோபைட். சிறிய வண்ணத் திரையை ஓட்டும்.

3. இஎஸ்பி32: செயல்படும் நினைவகம் 520 கிலோபைட். வேகம் 240 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபை, புளூடூத் உள்ளேயே இருக்கும். இந்தப் போர்டும் 2.8 அங்குலத் தொடுதிரையும் ஒன்றாகச் சேர்ந்தே கடைகளில் கிடைக்கின்றன.

எந்தத் திரை எதற்கு?

இரண்டு வரி எழுத்துத் திரை: வரிக்கு 16 எழுத்து. பச்சை அல்லது நீலப் பின்னணியில் பல டைமர்களில் பார்த்திருப்பீர்கள். விலை மிகக் குறைவு, வெயிலிலும் ஓரளவு தெரியும். படம் வராது. நாமே வரைந்து சேர்க்கும் எழுத்து வடிவங்கள் ஒரே சமயத்தில் 8 மட்டுமே. தமிழில் ஒரு வாக்கியம் எழுத அது போதாது.

சிறு ஓஎல்இடி திரை: ஓர் அங்குலத்துக்கும் குறைவான அகலம், 128-க்கு 64 புள்ளிகள். இருட்டில் பளிச்சென்று தெரியும். வெளிவெயிலில் மங்கும். ஒரே எழுத்தை மாதக்கணக்கில் காட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடம் தேய்ந்து மங்கிவிடும். அதனால் ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை அணையும்படி வைக்க வேண்டும்.

வண்ண டிஎஃப்டி திரை: 2.8 அங்குலத்தில் 320-க்கு 240 புள்ளிகள். படம், வரைபடம், தொடு பொத்தான் எல்லாம் வைக்கலாம். நேர் வெயிலில் தெரியாது. கொட்டகைக்குள், நிழலில் வைக்க ஏற்றது.

மின்தாள் திரை: காகிதம் போன்று இருக்கும். வெயில் அடிக்க அடிக்க நன்றாகத் தெரியும். மின்சாரம் போனாலும் கடைசியாகக் காட்டியது அப்படியே நிற்கும். மாறுவதற்குச் சில விநாடிகள் பிடிக்கும் என்பதால் மழையளவு, மண் ஈரம் போன்ற மெதுவாக மாறும் தகவலுக்கு மட்டுமே ஏற்றது. கரண்ட் போன பிறகும் பழைய எண் திரையில் நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. மோட்டார் நிலவரம் காட்ட இது கூடாது.

குறைந்த நினைவகத்தில் படம் எப்படி வருகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறு ஓஎல்இடி திரையில் 8,192 புள்ளிகள். ஒரு பைட்டில் 8 புள்ளிகள் அடங்கும். எனவே முழுத் திரைக்கு 1,024 பைட் வேண்டும். ஊனோவின் நினைவகத்தில் பாதி இதற்கே போய்விடும். மீதிப் பாதியில்தான் டைமரும் சென்சாரும் ஓட வேண்டும். 'ஒரு நாள் நன்றாக ஓடியது, பிறகு திடீரென்று குளறியது' என்று சொல்லப்படும் கருவிகளில் பலவற்றுக்கு இந்த இடநெருக்கடிதான் காரணம்.

வண்ணத் திரையில் 76,800 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பைட். ஆக 1,53,600 பைட், அதாவது 150 கிலோபைட். ஊனோவால் இதை நினைத்தும் பார்க்க முடியாது. இஎஸ்பி32-லும் வைஃபைக்குப் போக மீதமிருக்கும் இடத்தில் இது பெரிய பங்கு.

இதற்கு வழி, முழுத் திரையையும் ஒரே தடவையில் வரையாமல் பாத்தி பாத்தியாக வரைவது. முழு வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கட்ட முடியாதபோது பாத்திக்குப் பாத்தி மடை திருப்புகிறோமே, அதே முறை. திரையில் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 15 கிலோபைட்டுக்கு மட்டும் இடம் ஒதுக்கி, அங்கே வரைந்து, திரைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பகுதியை வரையலாம். மாறிய பகுதியை மட்டும் வரைவது இன்னொரு சிக்கனம். ஆம்பியர் எண் மட்டும் மாறினால் அந்த எண் உள்ள இடத்தை மட்டும் திருத்தினால் போதும்.

இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் இலவச நிரல் தொகுப்புதான் எல்விஜிஎல். ஹங்கேரி நாட்டில் 2016-ல் தொடங்கப்பட்டது. பொத்தான், நகர்த்தும் பட்டை, வரைபடம் எல்லாம் இதில் ஆயத்தமாக இருக்கின்றன. கட்டணம் இல்லை, விற்பனைக்குச் செய்யும் கருவியிலும் பயன்படுத்தலாம். போர்டு வாங்கும் முன்பே கணினியில் ஓட்டிப் பார்க்கவும் முடியும். கறுப்பு வெள்ளைத் திரை மட்டும் என்றால் யு8ஜி2 என்ற தொகுப்பு போதும். அதிலும் பகுதி பகுதியாக வரையும் வசதி உண்டு. பிள்ளைகள் செய்து கொடுக்கும்போது இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழ் எழுத்து ஏன் உடைகிறது?

திரையில் தமிழ் வர வேண்டும் என்று கேட்டால் பலரும் 'எழுத்து சரியாக வராது' என்று சொல்லி ஆங்கிலத்தில் செய்து கொடுத்துவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் தெரிகிறது. ஆனால் கணினிக்குள் 'க' முதலிலும் கொம்பு பிறகும் சேமிக்கப்படுகின்றன. 'கொ' என்றால் ஒரு குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். கைபேசி இதைத் தானே இடம் மாற்றிக் காட்டும். சிறு போர்டுகளின் எழுத்துத் தொகுப்புகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. வந்த வரிசையிலேயே அடுக்கிவிடுவதால் கொம்பு பின்னால் போய் எழுத்து சிதைகிறது.

இதற்கு எளிய தீர்வு உண்டு. வேண்டிய சொற்களை மட்டும் கணினியில் தட்டச்சு செய்து, படமாக மாற்றி, போர்டில் வைத்துவிடலாம். 96-க்கு 24 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைச் சொல்படத்துக்கு 288 பைட் போதும். 'ஓடுகிறது', 'நின்றது', 'தண்ணீர் இல்லை', 'ஒரு பேஸ் இல்லை', 'வால்வு' என 40 சொற்கள் வைத்தாலும் 11,520 பைட்தான். ஊனோவின் நிரல் இடத்திலேயே அடங்கும். எண்களை வழக்கமான முறையில் காட்டலாம். ஆகவே தமிழ் வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள். நீங்கள் வெளியூர் போன நாளில் அந்தத் திரையைப் பார்த்து முடிவெடுக்கப்போவது வீட்டில் இருக்கும் பெரியவரோ, வேலைக்கு வந்தவரோதான்.

'ஓடுகிறது' என்றால் எது?

திரை அமைப்பதில் மிக முக்கியமான இடம் இதுதான். 'மோட்டார் ஓடுகிறது' என்பதற்கு மூன்று பொருள் இருக்க முடியும்.

முதலாவது, ஓடச் சொல்லி ஆணை போயிருக்கிறது. போர்டு ரிலேயை இழுத்துவிட்டது, அவ்வளவுதான். காயில் எரிந்திருந்தாலும், பீஸ் போயிருந்தாலும் போர்டுக்குத் தெரியாது. மலிவுக் கருவிகள் பலவும் காட்டுவது இதை மட்டுமே.

இரண்டாவது, மோட்டாருக்குள் கரண்ட் பாய்கிறது. இதை அறிய மோட்டார் ஒயரைச் சுற்றி மாட்டும் கரண்ட் சென்சார் வேண்டும். மூன்று பேஸிலும் மாட்டுவது நல்லது. மும்முனை மோட்டாருக்கு முழுச் சுமையில் ஒரு எச்.பி.க்குச் சுமார் ஒன்றரை ஆம்பியர் என்பது பொதுக் கணக்கு, 5 எச்.பி.க்கு ஏழு, ஏழரை ஆம்பியர். சரியான அளவு மோட்டாரின் பெயர்த்தகட்டில் இருக்கும். தண்ணீர் இல்லாமல் சுற்றும்போது ஆம்பியர் வழக்கத்தைவிட நன்றாக இறங்கும். ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டிலும் ஏறும்.

மூன்றாவது, தண்ணீர் வருகிறது. இதற்குக் குழாயில் ஃப்ளோ ஸ்விட்ச் அல்லது தண்ணீர் மீட்டர் வேண்டும். பயிருக்கு வேண்டியது இந்த மூன்றாவது செய்திதான்.

திரையில் இந்த மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 'ஆணை: ஓடு. ஆம்பியர்: 7.2. தண்ணீர்: வருகிறது' என்று இருந்தால் கோளாறு எந்த இடத்தில் என்பது பார்த்தவுடன் புரியும். ஆணை உண்டு, ஆம்பியர் பூஜ்யம் என்றால் ஸ்டார்ட்டரைப் பார்க்கலாம். ஆம்பியர் உண்டு, தண்ணீர் இல்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். சென்சார் இல்லாத கருவி என்றால் 'ஓடுகிறது' என்று காட்டவே கூடாது. 'ஆணை கொடுக்கப்பட்டது' என்று காட்டினால் போதும்.

தூரத்துத் தொட்டியிலிருந்து வரும் தகவலுக்கு, அது எப்போது வந்தது என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒயர் அறுந்து இரண்டு மணி நேரமான பிறகும் 'தொட்டி 60 சதவீதம்' என்று நின்றால் அந்த எண்ணால் பயனில்லை. குறிப்பிட்ட நேரம் தகவல் வராவிட்டால் எண் மறைந்து 'தகவல் இல்லை' என வர வேண்டும்.

திரையில் வைப்பதும் தவிர்ப்பதும்

* முதல் திரையில் மூன்று நான்கு செய்திகள் மட்டும். மீதியை அடுத்த திரையில் வைக்கலாம்.
* பச்சை, சிவப்பு நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சிலருக்கு இந்த இரு நிறங்களும் பிரித்துத் தெரியாது. நிறத்தோடு சொல்லும் இருக்கட்டும்.
* தொடு பொத்தான் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலம் வேண்டும். 2.8 அங்குலத் திரையின் அகலம் சுமார் 5.8 சென்டிமீட்டர். வரிசைக்கு இரண்டு அல்லது மூன்று பொத்தான்களுக்கு மேல் வைத்தால் விரல் மாறிப் படும்.
* 'நிறுத்து' ஒரே அழுத்தில் வேலை செய்ய வேண்டும். 'ஓட்டு' மட்டும் இரண்டு விநாடி அழுத்திப் பிடித்த பிறகு வேலை செய்யட்டும்.
* செய்யும் முன் அதே அளவில் காகிதத்தில் வரைந்து, கொட்டகைச் சுவரில் ஒட்டி, வீட்டில் உள்ளவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் பெரியவருக்குத் தெரியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும்.

தொடுதிரையா, பொத்தானா?

தொடுதிரையில் இரண்டு வகை. கைபேசியில் இருப்பது லேசாகத் தொட்டாலே வேலை செய்யும். ஆனால் ஈரக்கை, மழைத்துளி பட்டால் தடுமாறும். அழுத்தத்தால் வேலை செய்யும் வகை ஈரக்கையோடும் கையுறையோடும் இயங்கும். வயல் வேலைக்கு இரண்டாவது வகை மேல். தொட்ட இடம் விலகித் தெரிந்தால் மறுபடி சரிசெய்து வைக்க வேண்டும்.

எந்தத் திரை வைத்தாலும் நிறுத்துவதற்கான சிவப்புப் பொத்தான் தனியாக, ஸ்டார்ட்டரிலேயே இருக்க வேண்டும். அது போர்டு வழியாகப் போகாமல் நேராகக் காயில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சேற்றுக் கையோடு ஓடி வருபவர் திரையில் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

திரை உறைந்தாலும் மோட்டார் எரியாமல் இருக்க

ஸ்டார்ட்டர் இழுக்கும்போதும் விடும்போதும் காயிலிலிருந்து எழும் மின்துடிப்பு போர்டைக் குழப்பும். திரை வெள்ளையாகும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். இதற்குச் செய்ய வேண்டியவை:

1. ஓவர்லோட் ரிலேயும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் பழையபடியே தனியாக இருக்க வேண்டும். திரை வந்துவிட்டது என்று இவற்றைக் கழற்றவே கூடாது.

2. சந்தையில் கிடைக்கும் சிறு ரிலே போர்டுகள் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கானவை. விவசாய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் காயில் 415 வோல்ட். இரண்டையும் நேராக இணைப்பது ஆபத்து. இடையில் தகுந்த ரிலேயோ கான்டாக்டரோ வேண்டும். இந்த இணைப்பை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், அதுவும் மெயினை நிறுத்திவிட்டு.

3. திரைக்கும் போர்டுக்கும் இடையே உள்ள ஒயர் ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கட்டும். அந்த ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. காயிலுக்குக் குறுக்கே மின்துடிப்பை அடக்கும் ஸ்னப்பர் போட வேண்டும்.

4. 'வாட்ச்டாக்' இயங்க வேண்டும். நிரல் உறைந்தால் சிப்பைத் தானே மறுபடி துவக்கும் காவல் இது. அப்படித் துவங்கும்போது ரிலே விட்ட நிலையில் இருக்க வேண்டும். சில போர்டுகளில் துவங்கும் கணத்தில் சில முனைகளில் மின்சாரம் வந்து போகும். அந்த முனைகளில் ரிலேயை இணைத்தால் மோட்டார் ஒரு துடிப்புத் துடித்து நிற்கும்.

5. முடிந்தால் இரண்டு போர்டு வையுங்கள். ஒன்று மோட்டாரை மட்டும் கவனிக்கட்டும், இன்னொன்று திரையை மட்டும். திரைப் போர்டு உறைந்தாலும் முதல் போர்டு தன் வேலையைத் தொடரும்.

6. நேரத்தைக் காக்க பட்டன் பேட்டரியோடு கூடிய தனிக் கடிகாரச் சிப் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் டைமர் தடம் மாறிவிடும்.

7. அமைப்புகளை மாற்றும்போது மட்டும் சேமிக்க வேண்டும். ஊனோவின் நிலை நினைவகத்தில் ஓர் இடத்தில் சுமார் ஒரு லட்சம் முறைதான் எழுதலாம். விநாடிக்கு ஒருமுறை எழுதினால் 28 மணி நேரத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

வெயில், மழை, பல்லி

பெட்டியை மேற்கு வெயில் படாத சுவரில், கண் உயரத்தில் மாட்டுங்கள். சூடு மிஞ்சினால் வண்ணத் திரை கறுத்துப்போகும். பெரும்பாலும் ஆறியதும் திரும்பும் என்றாலும் அடிக்கடி நடந்தால் கெட்டுவிடும். தூசியும் நீரும் புகாத ஐபி65 தரப் பெட்டி ஏற்றது. ஒயர் நுழையும் துளைகளுக்குக் கேபிள் கிளாண்ட் போடுங்கள். திறந்த துளை வழியாகப் பல்லியும் எறும்பும் போய் போர்டைக் கெடுப்பது கொட்டகைகளில் வழக்கமாக நடப்பதுதான்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* 'ஓடுகிறது' என்பதை ஆணையை வைத்துக் காட்டுகிறதா, ஆம்பியரை வைத்தா?
* தண்ணீர் இல்லாதபோது எத்தனை விநாடியில் நிறுத்தும்? அந்த அளவை நாமே மாற்ற முடியுமா?
* திரையின் ஒயரைக் கழற்றினால் மோட்டார் பாதுகாப்பு வேலை செய்யுமா? கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.
* கரண்ட் போய் வந்தால் தானாக ஓடுமா, நின்றிருக்குமா? திரையில் அது தெரியுமா?
* தமிழ் உண்டா?
* திரை மட்டும் போனால் தனியாக மாற்றலாமா?

வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் கைபேசியால் இயக்கும் தானியங்கி பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மானியம் வழங்கப்பட்டு வருகிறது. இந்த ஆண்டு எவ்வளவு, என்ன ஆவணம் வேண்டும் என்பதை உங்கள் பகுதி உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு வாங்குங்கள்.

கருவி மாட்டிய முதல் வாரம் திரையையும் வாய்க்காலையும் சேர்த்தே பாருங்கள். நன்றாகத் தண்ணீர் வரும்போது ஆம்பியர் எவ்வளவு என்று கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். ஃப்ளோ ஸ்விட்ச் ஒயரை ஒருமுறை கழற்றி 'தண்ணீர் இல்லை' என்று வந்து மோட்டார் நிற்கிறதா என்று சோதியுங்கள். அந்தச் சோதனையில் தேறிய பிறகு, இரவு கரண்டுக்குத் திரையை நம்பி வீட்டில் இருக்கலாம்.